சொன்ன விலை

கடைக்காரர் தன் வாழ்நாளில் எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. உடைந்த மின்விசிறி, கால் ஒடிந்த கட்டில், ஓடாத கடிகாரம், துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி என்று ஊரார் வேண்டாமென்று தள்ளியதையெல்லாம் வாங்கி விற்கிற கடை அவருடையது. வாங்கும்போதும் பேரம், விற்கும்போதும் பேரம். மனைவி உயிரோடு இருந்தபோது, "எமன் வந்து கூப்பிட்டாலும் இந்த மனுஷன் ரெண்டு வருஷம் கூட்டித்தான் கேப்பாரு" என்பாள். எதையும் கூட்டிக் கேட்காமலே அவள் போய்ச் சேர்ந்தாள் என்பது வேறு கதை.

அவருடைய பேரத்தின் சூட்சுமம் பேச்சில் இல்லை, எழுந்து நடப்பதில் இருந்தது. விலை படியாவிட்டால், "அப்ப வேணாம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஆனால் அந்த நடை இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். செருப்பு மாட்டவே ஒரு யுகம் ஆகும். வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பார். குடையை விரிப்பார், கம்பி சரியில்லை என்று மடக்குவார், மறுபடி விரிப்பார். எதிராளி மனசு மாறி, "சரி, வாய்யா, வந்து தொலை" என்று கூப்பிடுவதற்கு வேண்டிய அவகாசத்தைத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டே போவார். திரும்பி மட்டும் பார்க்க மாட்டார். சின்ன வயதில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே போன மகளுக்கு மானம் போகும். அவள் திரும்பிப் பார்த்துவிட்டால் தலையில் ஒரு குட்டு விழும்.

அந்த மகள் இப்போது வேறொரு தேசத்தில், வேறொரு பாஷைக்கு நடுவில், பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். புருஷன் ரொட்டிக் கம்பெனியின் வண்டி ஓட்டுகிறான். வயது நாற்பதைத் தாண்டியும் அப்பாவுக்கு அவள் பாப்பாதான். பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கடையைப் பூட்டிவிட்டு, சுற்றுலா விசாவில் விமானம் ஏறி வந்தார் கடைக்காரர். வந்து இறங்கியதும் முதல் வேலையாகச் சொன்னது தன் வெற்றிக் கதையைத்தான்.

"டிக்கெட்டு போடுறவன் என்ன பண்ணான் தெரியுமா மாப்பிள்ள? இன்சூரன்சுன்னு ஒண்ணச் சேத்துச் சொல்றான். போற எடத்துல ஒடம்புக்கு வந்தா அவங்க பாத்துப்பாங்களாம். வராத நோவுக்கு நான் எதுக்குடா காசு குடுக்கணும், அதக் கழிச்சுட்டு டிக்கெட்டக் குடுன்னேன். கழிச்சானே!"

மகளும் மருமகனும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் மகளுக்கு இப்போது வாய் கசக்கிறது.

முதலில் அவருக்கு ரொட்டி இறங்கவில்லை. "இந்த ஊர் ரொட்டி மரக்கட்டையாட்டம் இருக்கு" என்றார். சரி, சோறு வடித்தாள். சோறு நின்று நின்று இறங்கியது. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர். குழைய வடித்தாள். கஞ்சியாக்கினாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்று ஒரு நாள் எட்டிப் பார்த்தபோது, கஞ்சியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். திருடிய பிள்ளைபோல முழித்தார். அன்றைக்கே மகள் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், கொஞ்சம் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய் என்றார் டாக்டர். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆளில்லை.

"இப்ப வெட்டி எடுத்துடலாம், அந்த அளவுலதான் இருக்கு. அடுத்த வாரமே ஆபரேஷன் தியேட்டர்ல நாள் குடுக்கறேன். ஊருக்குத் திரும்பிப் போய் எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்னா நாள் ஓடிடும். இது பரவிட்டா அப்புறம் என் கத்திக்கு வேலை இல்ல."

நாள் கொடுத்தார்கள். கூடவே ஒரு தொகையையும் சொன்னார்கள். வெளிநாட்டுக்காரர், காப்பீடு கிடையாது, அதனால் பாதியை முன்னாலேயே கட்டிவிட வேண்டும். அந்தத் தொகையைக் கேட்ட மருமகன் முகத்தில் ஈயாடவில்லை.

மருமகனுக்கு ஓர் ஆசை இருந்தது. இத்தனை வருஷம் ஊரான் வண்டியை ஓட்டியது போதும், சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிட வேண்டும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்து, வண்டியும் பார்த்து வைத்திருந்தான். வெள்ளை வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடைப்பக்கம் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவான். பெண் பார்க்கக்கூட அவன் அவ்வளவு தடவை போனதில்லை.

மத்தியானம் வேலை முடிந்து வந்தவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, மகள் எதிரே உட்கார்ந்தாள். அப்பா உள் அறையில் படுத்திருந்தார்.

"என்னங்க, வண்டிப் பணத்த எடுக்கணும்."

அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

"எடுத்தாலும் முன்பணத்துக்குத்தான் காணும். மீதிக்கு?"

"நான் ரெண்டு ஷிப்டு பாக்கறேன். மாசாமாசம் கட்டலாம்னு சொல்றாங்க."

"அட்வான்ஸ் குடுத்து வெச்சிருக்கேன்டி. திரும்ப வராது."

"வண்டி அடுத்த வருஷமும் கடையில நிக்கும். அப்பா நிப்பாரா?"

மருமகன் நல்லவன்தான். ஆனால் நல்லவனுக்கும் வலிக்கும் அல்லவா? பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். துடைத்துக்கொண்டே, "சரி, எடு" என்றான். பிறகு திரும்பி, "மாமா காதுல விழுந்துடப் போவுது. வண்டி விஷயம் அவருக்குத் தெரிய வேணாம்" என்றான். உள் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். துக்கத்தில் இருவருக்கும் அது நினைவில்லை.

சலவைக்கூடத்தில் நெட்டையும் மகளும் ஜோடி. நெட்டை என்றால் அவளோடு விரிப்பு மடிக்கிற பெண். வாசற்படியில் குனிந்து வருகிற உயரம், அதனால் அந்தப் பெயர். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் இந்தப் பக்கம் கொடுத்தால், அந்தப் பக்கம் அப்பளமாட்டம் மொறுமொறுவென்று வரும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மடித்து அடுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் சூட்டில் காய்த்துப்போயிருக்கும். ஆவி மூட்டத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கிட்டே வரும்போது ஒரு வார்த்தை, விலகும்போது ஒரு வார்த்தை. அவர்கள் பேச்சே அப்படித்தான் நடக்கும்.

"எவ்ளோ கேக்கறாங்க?" என்றாள் நெட்டை, முனையைச் சேர்த்தபடி.

மகள் சொன்னாள்.

"அடியாத்தி!" அடுத்த விரிப்பை உதறினாள். "நீ கொறச்சுக் கேட்டியா?"

"ஆஸ்பத்திரியிலயா? அது என்ன காய்கறிக் கடையா?"

"போடி பைத்தியம். என் கொழுந்தனுக்குக் காலு ஒடிஞ்சப்ப நாங்க கேட்டோம். இன்சூரன்சு இல்லாதவங்களுக்கு, கையில பணம் வெச்சிருந்தா, தனியா ஒரு வெல இருக்கு. வாயத் தொறந்து கேட்டாத்தான் சொல்லுவாங்க. கேக்காதவ தலையில பூரா பில்லும் விடியும்."

மகளுக்குப் பேரம் என்றாலே பிடிக்காது. சந்தையில்கூடச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவள். இதை வீட்டில் போய்ச் சொன்னதுதான் தாமதம், படுத்திருந்த கடைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். நோய் தெரிந்த நாளிலிருந்து செத்துக் கிடந்த கண்ணில் ஒரு வெளிச்சம்.

"பேசலாங்கறாளா? அதச் சொல்லு முதல்ல! சட்டைய எடு பாப்பா. இஸ்திரி போட்டதா எடு."

பில் போடும் இடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை. மேசைக்குப் பின்னால் ஒரு நடுவயதுப் பெண், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலி கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குக் கண்ணாடியம்மா என்று பெயர் சூட்டிவிட்டார். மகள் நடுவில் உட்கார்ந்து, இவர் பேச்சை அவளுக்கும் அவள் பேச்சை இவருக்கும் மாற்றிச் சொன்னாள்.

"கேட்ட வெலயில பாதிதான் தர்றோம்னு சொல்லு."

"அப்பா! பாதியெல்லாமா..."

"நீ சொல்லு. அடிக்கவா போறாங்க?"

மகள் கொஞ்சம் தேனைத் தடவி, "எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று சொன்னாள். கண்ணாடியம்மா கண்ணாடியை எடுத்து மாட்டினாள், கணினியைத் தட்டினாள். நெட்டை சொன்னது பொய்யில்லை. கையோடு பாதியைக் கட்டுவதானால் மொத்தத்தில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளிக் கொடுக்கலாம் என்றாள். மகளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கும்பிட வேண்டும்போல இருந்தது.

"இன்னும் எறங்கச் சொல்லு" என்றார் கடைக்காரர்.

"போதும்பா."

"எறங்குவா. கண்ணப் பாத்தா தெரியலையா?"

கண்ணாடியம்மா இறங்கவில்லை. "என் கையில இருக்கறது இவ்வளவுதாம்மா. இதுக்குக் கீழ யாராலயும் முடியாது. வேணுமா, வேணாமா, இப்பச் சொல்லுங்க. வேணாம்னா அந்த நாளுக்கு வேற ஆள் காத்திட்டிருக்காங்க."

மகள் அதை மாற்றிச் சொல்லி முடிக்கவில்லை. "அப்ப வேணாம்" என்று கடைக்காரர் எழுந்துவிட்டார். மொழி தெரியாவிட்டால் என்ன, கையை விரித்துக் காட்டிய விதத்தில் கண்ணாடியம்மாவுக்கும் புரிந்துபோயிற்று.

"அப்பா, உக்காருங்க!"

"வா பாப்பா. பேசாம வா."

கூட நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்குக் காது சூடாயிற்று. பழைய பழக்கம் காலைப் பிடித்து இழுக்க, அவளும் எழுந்து நடந்தாள். கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று முதுகெல்லாம் காதாகப் போனாள். வெளியே விடாமல் தூறிக்கொண்டிருந்தது. பேருந்து வந்து நின்றது. அப்பா ஏறிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட அது என்ன சந்தையா? வேண்டாம் என்று சொன்ன ஆளை அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அப்படியே நம்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை, சலவைக்கூடத்தில் இருக்கும்போது போன் வந்தது. "உங்க அப்பா சிகிச்சை வேணாம்னுட்டதால அந்த நாளை வேறொருத்தருக்குக் குடுத்துட்டோம். தகவலுக்காகச் சொல்றோம்" என்றது ஒரு குரல், ரொம்ப மரியாதையாக.

மகள் போனை வைத்துவிட்டு வந்து விரிப்பின் முனையைப் பிடித்தாள். முனை சேரவில்லை. மறுபடி உதறினார்கள்.

"என்னடி ஆச்சு?"

"நாள் போச்சு. எங்கப்பா எந்திரிச்சு வந்துட்டாரு. அவருக்கு அது வியாபாரப் பழக்கம்."

"கூப்புடுவாங்கன்னு நெனச்சாரா?"

"ஆமா. எப்பவும் அப்படித்தான். வாசல்ல நிப்பாரு, வானத்தப் பாப்பாரு, கொடைய விரிச்சு..."

அத்தோடு நின்றுவிட்டாள். நேற்று மழை பெய்தது. குடை அப்பாவின் கக்கத்தில்தான் இருந்தது. அவர் விரிக்கவில்லை. நிற்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. நனைந்துகொண்டே விறுவிறுவென்று போய், எந்த ஊர்ப் பேருந்து என்றுகூடக் கேட்காமல் ஏறி உட்கார்ந்தார். கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்தவர் நடை அது.

விரிப்பு அவள் கையிலிருந்து நழுவி ஈரத்தரையில் விழுந்தது. மேற்பார்வைக்காரன் கத்தினான். அவள் காதில் வாங்கவில்லை. மேலங்கியைக் கழற்றி நெட்டையிடம் கொடுத்துவிட்டு வெளியேறினாள்.

வீட்டில் கடைக்காரர் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். மருமகன் வாசலில் செய்வதறியாமல் நின்றான். "மாமா ஊருக்குப் போறேங்கறாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

மகள் பெட்டியின் மூடியைப் படாரென்று சாத்தினாள்.

"வெல படியலன்னா எந்திரிச்சீங்க?"

"படியல, எந்திரிச்சேன்."

"பொய் சொல்லாதீங்கப்பா. கொடைய ஏன் விரிக்கல?"

கடைக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். தன் கையைப் பார்த்தார். மெலிந்த மணிக்கட்டில் கடிகாரம் முழங்கை வரைக்கும் ஓடியது.

"மாப்பிள்ள வண்டிக்கு வெச்ச பணம்" என்றார் மெதுவாக. "எனக்குக் கேட்டுச்சு. இந்தச் சுவத்துக்குக் காது மட்டுந்தான் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல."

"அதுக்காக?"

"பாப்பா, நான் ஆயுசு பூரா பழைய சாமான் வாங்கினவன். ஒரு பொருளுக்கு என்ன குடுக்கலாம், எங்க விட்டுட்டு எந்திரிக்கணும்னு எனக்குத் தெரியும். துருப் புடிச்சுப் போனதுக்குப் புதுசு வெல குடுப்பாங்களா? இதுக்கு அவ்ளோ வெல குடுக்கக் கூடாது. நான் வாங்க மாட்டேன்."

மகளுக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கத்தினாள்.

"உங்கள யாரு வாங்கச் சொன்னா? நீங்க வாங்கறவரே இல்ல! வாங்கறது நான். நீங்க சரக்கு. சரக்குக்கு எதுக்கு வாய்? உங்க கடையில ஒடஞ்ச கட்டில் என்னைக்காவது எந்திரிச்சு, எனக்கு இவ்ளோ குடுக்காதன்னு சொல்லுச்சா?"

வாசலில் நின்ற மருமகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "சரியாத்தான் கேக்கறா மாமா" என்றான். "வண்டிய நெனச்சு ரெண்டு நாள் வயிறு எரிஞ்சுது, இல்லேங்கல. இப்ப அணைஞ்சுபோச்சு. கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"திரும்பிப் போனா மதிக்க மாட்டாங்க மாப்பிள்ள. வெலய ஏத்துவாங்க."

"ஏத்தட்டும்" என்றாள் மகள். "செருப்பப் போடுங்க."

அதே அறை, அதே மேசை. கண்ணாடியம்மா இவர்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். மகள் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்தாள். அப்பா நேற்றுச் சொன்னது அவர் பேச்சு, பணம் கட்டுவது நாங்கள், நேற்று நீங்கள் சொன்ன விலைக்கு எங்களுக்குச் சம்மதம், ஒரு காசு குறைக்க வேண்டாம், அந்த ஆபரேஷன் நாளை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்றாள்.

"அந்த நாள் போயிடுச்சேம்மா. அடுத்தது எப்பன்னு டாக்டர் ஆபீஸ்லதான் சொல்லணும். வீட்டுக்குப் போங்க, போன் பண்ணச் சொல்றேன்."

"நான் போக மாட்டேன்."

"இங்க உக்காந்திருந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"இருக்கட்டும். நேத்து எந்திரிச்சுப் போனதுல பட்டது போதும். நாள் சொல்லுங்க, எந்திரிக்கறேன்."

சொன்னபடி உட்கார்ந்துவிட்டாள். மருமகனும் உட்கார்ந்தான். நடுவில் கடைக்காரர், பேரம் பேசாத வாயை என்ன செய்வதென்று தெரியாதவராக, மடியில் குடையை வைத்துக்கொண்டு இருந்தார். வருகிறவர்கள் வந்தார்கள், கட்டினார்கள், போனார்கள். மகள் அசையவில்லை. சலவைக்கூடத்திலிருந்து போன் அடித்தது, எடுக்கவில்லை. கண்ணாடியம்மா இரண்டு தடவை எழுந்து உள்ளே போய் வந்தாள். மூன்றாம் தடவை போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் டாக்டரோடு திரும்பி வந்தாள்.

டாக்டர் நின்றபடியே சொன்னார். அவருடைய அட்டவணையில் இடமில்லை. ஆனால் அடுத்த வாரக் கடைசியில், வழக்கமான வேலை முடிந்தபிறகு, சாயங்காலத்தில் சேர்த்துக்கொள்வாராம். "ஒண்ணு மட்டும் வேணும். நோயாளியே வேணாம்னு சொன்னதாப் பதிவாகியிருக்கு. இப்ப அவர் சம்மதம்னு அவர் வாயாலயே சொல்லணும். பொண்ணு சொன்னா போதாது."

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். இதுவரைக்கும் அவர் பேச்சில் தேன் தடவி, காரத்தைக் குறைத்து, வேண்டியதைச் சேர்த்து மாற்றிச் சொன்னவள், இதில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"ஆபரேஷன் வேணுமான்னு உங்களையே கேக்கறாங்கப்பா. நீங்கதான் சொல்லணும்."

கடைக்காரர் டாக்டரைப் பார்த்தார். கண்ணாடியம்மாவைப் பார்த்தார். மருமகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடைசியில் மகளிடம் குனிந்து, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டார்.

"வெல என்ன சொன்னாங்க?"

"நேத்து சொன்னதுதான்."

"நீ கொறச்சுக் கேட்டியா?"

"கேக்கல."

"ஒரு வார்த்த? சும்மா ஒரு பேச்சுக்காவது?"

"கேக்கலப்பா. உங்களுக்குப் போய் எப்படிக் கேக்கறது?"

கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். "பைத்தியக்காரி" என்றார். மகளுடைய காய்த்துப்போன விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"சரி. வெட்டச் சொல்லு பாப்பா."

மகள் டாக்டரிடம் திரும்பி, அப்பா சம்மதிக்கிறார் என்று சொன்னாள். காலையிலிருந்து உறுதியாக இருந்த அவள் குரல், அந்த இரண்டு வார்த்தைக்குள் உடைந்துவிட்டது.